விருந்தாளி ஊடுபயிராக இருக்கட்டும்

"சார், உங்க ஃபார்ம்ல ஸ்விம்மிங் பூல் இருக்கா?"

ஏப்ரல், மே மாதங்களில் என் போனுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. "வாய்க்கால் இருக்குதுங்க, தண்ணி விட்டிருந்தா குளிக்கலாம்" என்பேன். பாதிப்பேர் அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

இன்னொரு வகை போனும் வருகிறது. அது நம் ஆட்களிடமிருந்து. "ஐயா, தென்னையில ஒண்ணும் நிக்கறதில்லைங்க. தோட்டத்துல ரெண்டு ரூம் கட்டி ஆன்லைன்ல போட்டா தேறுமுங்களா?" இயற்கை விவசாயத்துக்கு மாறிய இளைஞர்கள், மாறலாமா என்று யோசிப்பவர்கள், நகரத்து வேலையை விட்டுவிட்டு நிலம் தேடுபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் போனில் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் 34 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. 2017-ல் ஓய்வு பெற்றதும் ஆனைமலைக்கும் சேத்துமடைக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஆறு ஏக்கர் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். நாலு ஏக்கர் தென்னை, அதற்குள் ஜாதிக்காய், கோகோ, வாழை, மிளகு. கட்டுத்தரையில் இரண்டு நாட்டு மாடு. 2021-ல் அப்பாரு காலத்து ஓட்டுச் சாளையைச் செப்பனிட்டு இரண்டு அறையாக்கி, தங்குமிடம் பதிவு செய்யும் ஒரு இணையத் தளத்தில் போட்டேன். ஆக, இது வெளியில் நின்று பார்த்து எழுதுவதல்ல. லாபமும் பார்த்திருக்கிறேன், தப்பும் பண்ணியிருக்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

2007-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வாடகை கட்டக் காசு இல்லாத இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஊரில் ஒரு மாநாடு நடந்தது. ஓட்டல்கள் நிரம்பிவிட்டன. தங்கள் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு, காலைப் பலகாரத்தோடு வாடகைக்கு விட்டார்கள். அடுத்த வருடம் அது கம்பெனி ஆனது. அதுதான் ஏர்பிஎன்பி. பெயரின் முதல் பாதியில் இருக்கும் 'ஏர்' அந்தக் காற்று மெத்தைதான். இன்றைக்கு அதைப் போலப் பல தளங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: அறை உங்களுடையது, வாடிக்கையாளர் அவர்களுடையவர்.

நம் பாஷையில் சொன்னால் இது ஒரு கமிஷன் மண்டி. மண்டிக்காரருக்குச் சொந்தமாக ஒரு காய்கூட விளையாது. ஆனால் வாங்குபவர் யார், எங்கே இருக்கிறார், எவ்வளவு கொடுப்பார் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நமக்குத் தெரியாது. 1999-ல் உழவர் சந்தை வந்தபோது நாம் ஏன் சந்தோஷப்பட்டோம்? கமிஷன் மிச்சம் என்பது ஒரு காரணம். வாங்குபவரின் முகத்தை நேரில் பார்த்தோம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இணையத் தளத்துக்கும் மண்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மண்டியில் விலையை அவர் சொல்வார். இங்கே விலையை நாம்தான் போடுகிறோம். ஆனால் தேடுகிறவரின் கண்ணில் நம் தோட்டம் முதலில் படுமா, நாற்பதாவதாகப் படுமா என்பதைத் தளம்தான் முடிவு செய்கிறது. விருந்தாளி கொடுக்கும் நட்சத்திரம், நாம் எத்தனை வேகமாகப் பதில் சொல்கிறோம், எத்தனை முறை 'இல்லை' என்று சொல்கிறோம் என்பதையெல்லாம் வைத்து அந்த வரிசை மாறும். விலையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வரிசையை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள்.

நம் பக்கம் ஏன் இத்தனை வேகமாகப் பரவுகிறது?

சுற்றுலாக்காரர் மட்டும் காரணமல்ல. தென்னையும் ஒரு காரணம். சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலில் தென்பட்டதே 2016-ல் நம் பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து தோப்பே கறுத்துப் போனதை மறக்க முடியாது. அதன் பின்னால் கேரள வேர் வாடல். நோய் விழுந்த மரத்தை வெட்டிவிட்டு நிற்கிற விவசாயியிடம் ஒருவர் வந்து, "இந்த இடத்துல நாலு காட்டேஜ் போடலாமுங்க, மாசமான வாடகை நிச்சயம்" என்றால் அவர் என்ன சொல்வார்? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கோவையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஆழியாறு. ஒரு பக்கம் டாப்சிலிப், இன்னொரு பக்கம் வால்பாறை. வடக்கே ஆனைகட்டி, மேற்கே சிறுவாணி அடிவாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்புகிற கூட்டத்துக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? எனவே கூட்டம் வரத்தான் செய்யும். அது யாருடைய தோட்டத்துக்கு, யாருடைய நிபந்தனையில் வருகிறது என்பதுதான் கேள்வி.

என் நோட்டில் இருக்கும் கணக்கு

வங்கிக்காரன் புத்தி போகாது. முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். 2024–25 கணக்கு இது.

இரண்டு அறையும் சேர்த்து வருடத்தில் 96 அறை–இரவுகள் நிரம்பின. ஒரு இரவுக்கு ராத்திரிச் சாப்பாடும் காலைப் பலகாரமும் சேர்த்து ரூ.2,000. வரவு ரூ.1,92,000.

செலவு:

- தளத்தின் கமிஷன் (100-க்கு 15 ரூபாய் கணக்கில்): ரூ.28,800
- துப்புரவு, துணி வெளுப்பு: ரூ.24,000
- சாப்பாட்டுச் சாமான்: ரூ.38,400
- மின்சாரம், கேஸ்: ரூ.14,000
- மெத்தை, குழாய், ஓடு, பெயிண்ட்: ரூ.22,000

மொத்தச் செலவு ரூ.1,27,200. மிச்சம் ரூ.64,800.

"பரவாயில்லையே" என்று தோன்றும். ஆனால் சாளையைச் செப்பனிட நான் போட்டது 4 லட்சம். அதற்கு 10 சதவீத வட்டி போட்டால் ரூ.40,000. கையில் நிற்பது ரூ.24,800. இதில் என் மனைவி அடுப்படியில் நின்ற கூலி சேரவில்லை. சேர்த்தால் கணக்கு நஷ்டத்தில் போய் நிற்கும்.

இப்போது நோட்டின் அடுத்த பக்கம். வந்து தங்கியவர்கள் கையோடு வாங்கிப் போனதும், ஊருக்குப் போன பிறகு போன் பண்ணி வரவழைத்ததுமாகத் தேங்காய் எண்ணெய், ஜாதிக்காய், மிளகு, வாழைப்பழம் விற்றது ரூ.1,10,000. இதே சரக்கை வியாபாரியிடம் போட்டிருந்தால் ரூ.62,000 கிடைத்திருக்கும். கூடுதல் ரூ.48,000. பாட்டில், பார்சல் செலவு ரூ.9,000 போக ரூ.39,000 நிகரம்.

இதைக் கூட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அறை வாடகையில் மிஞ்சியது 24,800. விளைபொருளில் மிஞ்சியது 39,000. எனக்கு வருமானம் கொடுத்தது மெத்தை அல்ல, மரம். விருந்தாளியின் மதிப்பு அவர் தங்கும் ஒரு ராத்திரியில் இல்லை. அவர் நம் எண்ணெயை வருடம் முழுக்க வாங்கும் வீடாக மாறுவதில் இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தளத்தில் பார்த்து வருபவரிடம், "கமிஷன் வேண்டாம், நேரா எனக்குக் குடுத்துருங்க" என்று பேரம் பேசாதீர்கள். அது தளத்தோடு நாம் செய்த ஒப்பந்தத்துக்கு விரோதம். கணக்கை முடக்கிவிடுவார்கள், நியாயமும் இல்லை. ஆனால் வந்தவர் நம் மரத்தடியில் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு, "இந்த எண்ணெய் எங்க கிடைக்கும்?" என்று கேட்டால் அந்த உறவு நம்முடையது.

நட்சத்திரத்துக்காக நிறுத்திய ஜீவாமிர்தம்

நான் பண்ணின தப்பைச் சொல்கிறேன். ஜீவாமிர்தப் பீப்பாய் சாளையிலிருந்து முப்பதடி தூரத்தில் வேப்ப மர நிழலில் இருந்தது. 200 லிட்டர் தண்ணீர், பத்துக் கிலோ சாணி, பத்து லிட்டர் கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண். தினம் மூன்று வேளை கலக்கி விடுவோம். உங்களுக்குத் தெரியாததில்லை.

ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, 'எங்கும் சாணி நாற்றம்' என்று எழுதிவிட்டது. இரண்டே நாளில் தளத்திலிருந்து ஒரு செய்தி: உங்கள் மதிப்பீடு குறைந்திருக்கிறது, சரி செய்யாவிட்டால் தேடலில் பின்னுக்குப் போகக்கூடும்.

வங்கியில் இருந்தபோது ஆடிட் அறிக்கைக்கு எப்படிப் பயப்பட்டேனோ அப்படிப் பயந்தேன். பீப்பாயைத் தோட்டத்தின் கடைசி மூலைக்குத் தள்ளினேன். அவ்வளவு தூரம் போய்க் கலக்க ஆள் மறந்தார். ஒரு பீப்பாய் கெட்டது. வெள்ளி, சனியில் கூட்டம் வருகிறது என்று தெளிப்பதைத் தள்ளிப்போட்டேன். திங்களன்று வேறு வேலை. இப்படியே மூன்று மாதம். ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை.

ஒரு நாள் மனைவி கேட்டார்: "ஏனுங்க, நாம தோட்டத்துக்காக ரூம் கட்டினமா, ரூமுக்காகத் தோட்டம் வச்சிருக்கமா?"

பதில் இல்லை. உரக்கடைக்காரரின் பேச்சைக் கேட்டு நிலத்தை நடத்தக் கூடாது என்றுதானே இயற்கை விவசாயத்துக்கு வந்தோம்? வெளியிலிருந்து வரும் இடுபொருளை நம்பக் கூடாது என்பது நம் பாலபாடம். நட்சத்திரமும் ஒரு வெளி இடுபொருள்தான். முதல் வருடம் நன்றாக வேலை செய்யும். பிறகு அது இல்லாமல் நிலம் நிற்காது.

பீப்பாயைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். தளத்தில் எங்கள் தோட்டத்தைப் பற்றிய முதல் வரியை மாற்றினேன்: 'இது ஓட்டல் அல்ல, நடக்கும் விவசாயம். மாடு உண்டு, சாணி வாசம் உண்டு, விடிகாலையில் மயில் கத்தும், ராத்திரியில் தவளை கத்தும்.' கேட்டு வருபவர்கள் குறைந்தார்கள். புகார் அடியோடு நின்றது. வருகிறவர்கள் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று எதற்கு இது என்று கேட்கிறார்கள். எண்ணெய் வாங்கியதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

நீச்சல்குளத்தின் உண்மையான விலை

குளம் இருந்தால் வாடகையை இரட்டிப்பாக்கலாம் என்று எனக்கும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம் என்றால் 70,000 லிட்டர். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை. கோடையில் சொட்டுநீரில் ஒரு மரத்துக்கு நாளைக்கு சுமார் 65 லிட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 4,550 லிட்டர். ஆக, குளத்தை ஒரு தரம் நிரப்பும் தண்ணீரில் ஒரு ஏக்கர் தென்னை பதினைந்து நாள் உயிர் பிழைக்கும். ஆவியாகிப் போவதும், பாசி பிடித்தால் மாற்றுவதும் தனி.

2024 கோடை எப்படிக் காய்ந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கிணற்றில் மோட்டார் நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஓடியது. மே மாதம் அறைகளுக்கு வரிசையாக ஆட்கள் பதிவு செய்திருந்தார்கள். நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். இரண்டு அறையில் ஆறு பேர் என்றால் 800 லிட்டருக்கு மேல். பன்னிரண்டு மரத்தின் தண்ணீர். முகூர்த்தத்துக்கு மண்டபம் மாதிரி நிரம்பியிருந்த இரண்டு வாரத்துக்கு அறையை அடைத்துவிட்டு, ஆட்களுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிப் பதிவை ரத்து செய்தேன். தளம் அபராதம் போட்டது. கட்டினேன். கன்று பிழைத்தது.

இதில் இன்னொரு விஷயம். கிணற்று மோட்டாருக்கு நமக்குக் கிடைப்பது இலவச மின்சாரம். அது சும்மா வந்ததல்ல. மின் கட்டணத்தில் ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர்விட்டார்கள். வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோவை வீதிகளை மாட்டு வண்டிகளால் நிறைத்த மண் இது. அந்த மின்சாரத்தில் இறைத்த தண்ணீரை வாரக் கடைசிக் குளியலுக்கு நிரப்புவது சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். நாளைக்கு, "விவசாயிக்கு எதுக்கு இலவச கரண்ட்? ரிசார்ட்தானே நடத்தறாங்க" என்று ஒருவர் கேட்டால் நம் எல்லோருக்கும் சேர்த்து வாய் அடைத்துப் போகும்.

பக்கத்துத் தோட்டம்

எங்களுக்குக் கிழக்கே ஐந்து ஏக்கர் தோப்பு. சொந்தக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது மூப்பு. பிள்ளைகள் வெளியூரில். வெள்ளை ஈயில் மூன்று வருடம் நஷ்டம். நகரத்திலிருந்து வந்த ஒருவருக்குப் பத்து வருடக் குத்தகைக்கு விட்டார். குத்தகைத் தொகை நல்ல தொகைதான், தென்னையில் அவர் எடுத்ததைவிட எச்சு. நாற்பது மரம் போனது. நான்கு வில்லா, ஒரு குளம், ஆழமான ஒரு போர்வெல். நடத்துகிறவர் அங்கே தங்குவதில்லை. பூட்டுக்கு எண் இருக்கிறது, அதைப் போனில் அனுப்பிவிடுவார். சனி ராத்திரி பாட்டுச் சத்தம் பன்னிரண்டு மணிக்கும் நிற்பதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் களையெடுக்க வந்த இரண்டு பெண்கள் அங்கே துப்புரவு வேலைக்குப் போகிறார்கள். மாதச் சம்பளம், நிழலில் வேலை. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. களையெடுப்புக் கூலியைத்தான் நான் ஏற்றினேன்.

ஒரு நாள் வேலியோரம் அந்தப் பெரியவர் நின்றிருந்தார். "ஏனுங்கண்ணா, உள்ள போகலீங்களா?" என்றேன்.

"கெஸ்ட் இருக்கறாங்களாமா. என்ற தோப்புக்குள்ள போறதுக்கு நானு போன் பண்ணிக் கேக்கோணும் தம்பி."

எங்கள் கிணறு அந்த வருடம் இறங்கியதற்கு அந்தப் போர்வெல்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. பணம் வந்தது, தோட்டம் போய்விட்டது. பட்டா மட்டும் அவர் பெயரில் இருக்கிறது.

இது பரவினால் வரும் இன்னொரு கஷ்டம் நிலத்தின் விலை. விளைச்சலை வைத்துப் போட்ட விலை போய், மலை தெரிகிறதா என்பதை வைத்து விலை போடுகிறார்கள். அந்த விலைக்கு வாங்கி மிளகும் வாழையும் போட்டு எந்த இளைஞர் கடனை அடைப்பார்? வங்கியில் இருந்திருந்தால் அந்தக் கடன் மனுவை நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

ஸ்பெயினின் பார்சிலோனா நகரம், சுற்றுலாக்காரருக்கு விடும் 10,101 அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024-ல் அறிவித்தது. உள்ளூர்க்காரருக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்பதே காரணம். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், விருந்தாளி இருக்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. சீகூர் யானை வழித்தடத்தை மறித்த விடுதிகள் அகற்றப்பட வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியருகே வந்த காட்டு யானைமீது தீப்பற்றிய பொருளை வீசிய காட்சியை நாடே பார்த்தது. யானை செத்துப்போனது. அதன்பின் அனுமதியில்லாத தங்குமிடங்கள் பல பூட்டப்பட்டன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 நவம்பர் 1 முதல் நம் வால்பாறைக்கும் வந்துவிட்டது. கூட்டத்தை நாமே அளவோடு வைக்காவிட்டால் நீதிமன்றம் வந்து வைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இத்தாலி நாட்டுடையது. அங்கே விவசாயி தன் பண்ணையில் விருந்தாளிகளைத் தங்க வைக்க 1985-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், 2006-ல் புதுப்பித்தார்கள். அதன் சாரம் ஒரே வரி: விவசாயம்தான் முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணை. அங்கே வயலில் போகும் வேலை நேரத்தையும் விருந்தாளிக்குப் போகும் வேலை நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வயல்தான் கூடுதலாக இருக்க வேண்டும்.

நம் மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே விதியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறை வரை, வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். எண் பூட்டுப் போட்ட வில்லா இந்தக் கணக்கில் வராது.

தொடங்குவதற்கு முன்

*அனுமதி.* கோவை மாவட்டத்து அடிவாரக் கிராமங்கள் பல, ஹாகா என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்தால் வனத்துறை விதிகளும் சேரும். விவசாய நிலத்தில் புதுக் கட்டிடம் எழுப்பும் முன் ஊராட்சி, நகர் ஊரமைப்புத் துறை அலுவலகங்களில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். இருக்கிற சாளையைச் செப்பனிடுவது பல தலைவலிகளைக் குறைக்கும்.

*மின்சாரம்.* அறைக்குத் தனி இணைப்பு, அறைக்கான தண்ணீருக்கும் அதிலிருந்தே சிறு மோட்டார். விவசாய இணைப்பைத் தொடவே கூடாது.

*வரி.* விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் தோட்டத்துக்குள்ளேயே இருந்தாலும் அறை வாடகை விவசாய வருமானம் ஆகாது. தளத்தில் வரும் பணம் உங்கள் பான் எண்ணோடு பதிவாகிறது, மறைக்க முடியாது. இரண்டையும் தனித்தனிக் கணக்கில் வையுங்கள்.

*பதிவுகள்.* சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். எல்லா விருந்தாளிக்கும் அடையாள அட்டை நகல், வருகைப் பதிவேடு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் கொடுத்தாக வேண்டும்.

*கடன்.* 2025–26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கும் முத்ரா கடன் என்று அறிவித்திருக்கிறார்கள். கடன் வேண்டுமென்றால் அப்படி நேராகக் கேளுங்கள். பயிர்க் கடனை எடுத்துக் கட்டிடத்தில் போடாதீர்கள். பயிர்க் கடனை வருடத்துக்குள் திருப்ப வேண்டும், கட்டிடமோ போட்ட முதலைத் திருப்பித் தர ஏழெட்டு வருடம் எடுக்கும். நகையை வைத்துக் கட்டி, நகை ஏலத்துக்கு வந்த வீடுகளை என் சர்வீஸில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்து விதிகள்

அடிபட்டுக் கற்றுக்கொண்டு, இப்போது ஐந்து விதி வைத்திருக்கிறோம்.

1. இரண்டு அறைக்கு மேல் இல்லை. மாதத்தில் பத்து இரவுக்கு மேல் விடுவதில்லை.
2. நாங்கள் ஊரில் இல்லாத நாளில் விருந்தாளி இல்லை.
3. கிணற்றில் குறியிட்ட கல்லுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அறை மூடப்படும்.
4. தெளிப்பு, அறுவடை, காய் இறக்கும் நாட்களை விருந்தாளிக்காக மாற்றுவதில்லை. விரும்பினால் கூட வந்து பார்க்கலாம்.
5. அறை வருமானம் தோட்டத்து மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அடுத்த வருடம் இரவுகளைக் குறைப்போம்.

ஐந்தாவது விதியைக் கேட்டு என் மகன் சிரித்தான். "வர்ற காசை வேண்டாம்னு சொல்ற முத பேங்க் மேனேஜர் நீங்கதான்ப்பா." அப்படியல்ல. ஒரே ஆளுக்கு மொத்தக் கடனையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கிளை எப்படி மூழ்கும் என்று பார்த்தவன் நான். ஒரே தளத்தை நம்பும் தோட்டமும் அப்படித்தான். தளம் நாளைக்கு கமிஷனை ஏற்றலாம், விதியை மாற்றலாம், ஒரு தொற்றுநோய் வந்து ரோட்டையே அடைக்கலாம். 2020-ல் பார்த்தோமே, அறைகள் எல்லாம் காலி. அன்றைக்கும் மாடு பால் கொடுத்தது, மரம் காய்த்தது.

தென்னைக்குள் வாழை வைக்கிறோம். வாழை நல்ல காசு தரும். அதற்காகத் தென்னையை வெட்டிவிட்டு வாழை வைப்பதில்லை. தென்னையின் வேருக்குப் போட்டியாக வந்தால் வாழையைத்தான் எடுப்போம். விருந்தாளியும் அப்படி ஒரு ஊடுபயிராக இருந்தால் நிலத்துக்கும் நல்லது, வருகிறவருக்கும் நல்லது.

"தேறுமுங்களா?" என்று கேட்டவர்களுக்கு என் பதில்: தோட்டம் முதலில் தேற வேண்டும். அதன்பின் ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் அறைக் கணக்கு, வலது பக்கம் விளைபொருள் கணக்கு, கீழே கிணற்றின் மட்டம். ஒரு வருடம் விடாமல் எழுதுங்கள். எழுதிய நோட்டோடு ஒரு நாள் எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். வாடகை கிடையாது. பீப்பாயை மட்டும் ஒரு தரம் கலக்கிவிட்டுப் போக வேண்டும்.